நீரோடு வருகிறவனுக்கு வழி

கார்த்திகை மழை ஓய்ந்து, ஆற்றுத் தண்ணீர் எண்ணூர் முகத்துவாரத்தில் கடலைத் தொடுகிற நாட்களில் நெட்டுக்குப்பம் பாதித் தூக்கத்தில் இருப்பது போலவே இருக்கும். விடியற்காலைப் பனியும் அனல்மின் நிலையத்துப் புகையும் ஒன்றாய்க் கலந்து உப்பங்கழியின் மேல் படுத்திருக்கும். புகைபோக்கிகளின் அடி தெரியாது; தலை மட்டும் வானத்தில் மிதக்கும். படகுகளும் அப்படித்தான். முதலில் ஒரு மனிதனின் இடுப்புக்கு மேலே மட்டும் பனியில் நகர்ந்து வரும். அப்புறம்தான் அவன் நிற்கிற படகு வரும்.

நீர் வடியும்போது கழியின் பழுப்புத் தண்ணீர் கடலின் பச்சைக்குள் நீளமாகப் போகும். இரண்டும் சேரும் ஓரத்தில் நுரை கோடு போட்டிருக்கும். அந்தக் கோட்டுக்கு அடியில் கொடுவா மீனும் பாறை மீனும் இரைக்குக் காத்திருக்கும். படகை மெல்ல ஓட்டிக்கொண்டே, பின்னால் நீளமாக நூல் விட்டு, நுனியில் மீன் போலச் செய்த பொம்மையைக் கட்டி, அந்தக் கோட்டை ஒட்டி இழுத்துப் போவார்கள். ஒரு படகு என்றால் கவலை இல்லை. குப்பத்துப் படகுகளில் பாதி அந்தச் சின்ன வாய்க்குள் ஒரே நேரத்தில் நூல் இழுக்கும்போது ஒழுங்கு வேண்டும்.

அதனால் எல்லோரும் வட்டமாக வருவார்கள். வடக்கு ஓரமாக நீரை எதிர்த்து ஏறி, தெற்கு ஓரமாக நீரோடு இறங்குவார்கள். நடுவில் இரண்டு படகு நேருக்கு நேர் வந்துவிட்டால், நீரோடு வருகிறவனுக்கு நீரை எதிர்க்கிறவன் வழி விட வேண்டும். நீரோடு வருகிறவனால் நினைத்த இடத்தில் நிற்க முடியாது, அதனால். ஒருவன் முதுகுக்குப் பின்னால் குறுக்கே போகக்கூடாது. அங்கே தண்ணீருக்குள் அவன் நூல் இருக்கிறது. யாருக்காவது மீன் பட்டால் "பட்ச்சிகிச்சி" என்று கத்துவான். பட்ட மீன் எந்தப் பக்கம் ஓடும் என்று யாருக்கும் தெரியாது. கேட்டவர்கள் தங்கள் நூலைச் சுருட்டிக்கொண்டு ஒதுங்கி நிற்பார்கள். அவனுக்கு மீன் ஏறினால் அவர்களும் சிரிப்பார்கள்.

இவ்வளவும் இருந்தும் சில நேரம் ஒருவன் நூலை இன்னொருவன் அறுத்துவிடுவதுண்டு. அதற்கும் ஒரு வழி இருந்தது. அறுத்தவன் அன்று சாயந்தரம் மற்றவன் வீட்டு வாசலுக்குப் போய், "தண்ணி குடு" என்று கேட்டு, ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடிக்க வேண்டும். மன்னிப்பு என்ற சொல் வேண்டியதில்லை. தண்ணீர் உள்ளே போய்விட்டால் கோபம் வெளியே வந்துவிடும் என்று அவர்கள் நம்பினார்கள். எத்தனையோ வீடுகள் பிரியாமல் இருந்தது அந்தத் தண்ணீரால்தான்.

அந்த வாரம் கத்திவாக்கம் மார்க்கெட்டில் தாயம்மா தன் மீன் கூடையோடு வந்து நின்றபோது, எப்போதும் அவளுக்காக இடம் பிடித்து வைக்கிற செல்லம்மா, கூடையை நகர்த்தவில்லை.

"இன்னா செல்லம்மா, கூடைய கொஞ்சம் தள்ளி வையி."

"எடம் இல்லக்கா."

"நேத்து இருந்த எடம் எங்க போச்சி?"

"ஒன் வூட்டுக்காரரு அறுத்துகினு பூட்டாரு."

தாயம்மாவுக்குப் புரியவில்லை. கூடையைத் தலையில் வைத்தபடியே நின்றாள். செல்லம்மா மத்தி மீனுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"எங்க வூட்டுக்காரருக்கு கொடுவா பட்ச்சிதுக்கா. படகையே திருப்பிகினு ஓடுச்சாம். இவரு தொண்ட கிழிய கத்திகினு கீறாரு. ஒன் வூட்டுக்காரரு ஜம்முனு குந்திகினு நேரா வந்து, எஞ்சின் ஃபேனுல நூல சுத்தி அறுத்துட்டு, திரும்பிகூட பாக்காம பூட்டாரு."

"அவுரா?"

"பின்ன நானா? மீனு போனா போவுது, அது கடலோட சொத்து. சாயந்தரம் தண்ணி குடிக்க வருவாருன்னு சொம்ப தேச்சி வச்சிகினு குந்திகினு இருந்தேன். வரல. மறுநாளு கரையில பார்த்து, சிரிச்சிகினே, 'இன்னா குணா, மீனு பட்ச்சா'ன்னு கேக்கறாரு. எப்டிக் கீது சொல்லு."

பக்கத்தில் நண்டு விற்கிறவள் சிரித்துவிட்டாள். செல்லம்மா சிரிக்கவில்லை.

"தெனாவட்டுக்கா. வேற ஒண்ணியும் இல்ல. ஞாயித்துக்கெழம அம்மன் கோயிலாண்ட பேசப் போறாங்கோ. வரிசையில அவுரு வேணாம்னு."

தாயம்மா வெயில் விழுகிற ஓரத்தில் போய் உட்கார்ந்தாள். அன்று அவள் விற்ற மீனை யார் வாங்கினார்கள் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. அவள் கணவர் பக்தவச்சலத்துக்குத் தெனாவட்டு இல்லை. அவருக்குக் காது கேட்கவில்லை.

வாழ்நாள் முழுவதும் டீசல் எஞ்சினுக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்த மனிதர் அவர். சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அவரை விட்டுப் போனது. தீபாவளியன்று வாசலில் சரவெடி வெடித்தபோது, அவர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு காபியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். தாயம்மா அன்றுதான் முழுதாகத் தெரிந்துகொண்டாள். அன்றே அவர் அவள் கையைப் பிடித்து அம்மன் படத்தின் மேல் வைத்து, யாரிடமும் சொல்வதில்லை என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், எண்ணூர் ஸ்டேஷன் தெருவில், தூண்டில் சாமான் கடை ஞானதுரை அவளைக் கூப்பிட்டான். தெற்கே நாசரேத்துப் பக்கத்திலிருந்து வந்து அங்கே கடை போட்டவன். மேசை மேல் சிவப்புத் துணியை விரித்து, கிறிஸ்துமஸுக்குக் கோயிலில் தோரணம் கட்ட நீளமாக வெட்டிக்கொண்டிருந்தான்.

"எக்கா, ஒரு நிமிசம் வாங்க. அண்ணாச்சி நேத்து முள்ளு வாங்கிட்டுப் போனாவ. அது அவியளுக்கு ஆவாது. சின்ன முள்ளு."

"தெரிஞ்சிகினே ஏன்பா குடுத்த?"

"சின்னது வேணுமா பெருசு வேணுமான்னு கேட்டேன். 'சரி'ன்னாவ. எத்தன வேணும்னு கேட்டேன். அதுக்கும் 'சரி'ன்னாவ." ஞானதுரை கத்தரிக்கோலைக் கீழே வைத்தான். "சிரிச்ச முகமா நின்னாவக்கா. திரும்பத் திரும்பக் கேட்டு அந்த முகத்தச் சங்கடப்படுத்த எனக்கு மனசு வரல."

பெரிய முள்ளை ஒரு பொட்டலமாக மடித்து அவளிடம் கொடுத்தான். "இனிமே வந்தாவன்னா ரெண்டையும் எடுத்து முன்னால வச்சிருதேன். எது வேணுமோ தொட்டுக் காட்டட்டும். வாயால கேக்கதுக்கு என்ன அவசியம்?"

தாயம்மா பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள். இத்தனை நாள் தான் மட்டும் பூட்டி வைத்திருப்பதாக நினைத்த கதவு, ஒரு கடைக்காரனுக்குத் திறந்தே கிடந்திருக்கிறது. அவன் எட்டிப் பார்த்துவிட்டு, மெதுவாகச் சாத்திவிட்டுப் போயிருக்கிறான்.

வீட்டில் பொடி இறாலான சென்னாக்குன்னிக் கருவாட்டை வறுத்து, கத்தரிக்காயோடு தொக்கு வைத்தாள். பக்தவச்சலம் அடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்து சுடுசோற்றில் அதைப் பிசைந்தார். தண்டையார்பேட்டையில் கட்டிக் கொடுத்த மகள் மகிழினி போன் செய்தாள். அவர் வழக்கம்போல் போனை வாங்கி, "ம்… ம்… சந்தோசம்மா" என்று சொல்லி, தாயம்மாவிடம் கொடுத்தார். மறுமுனையில் மகிழினி, "இன்னாமா, பையனுக்கு ஜொரம்னு சொல்றேன், சந்தோசம்ன்றாரு" என்றாள்.

"தூக்கக் கலக்கம்மா" என்றாள் தாயம்மா. சின்னப் பொய்களுக்குக் கணக்கு வைக்காமல் அம்மன் மன்னிக்க வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

போனை வைத்துவிட்டு, அவர் எதிரே வந்து உட்கார்ந்தாள். அவருக்கு உதடு தெரிய வேண்டும்.

"குணா நூல அறுத்துட்டியாம்யா."

அவர் கை சோற்றிலேயே நின்றது. "எப்போ?"

"அவனுக்கு மீனு பட்ச்சிகீது. கத்திகீறான். நீ குறுக்க வுட்டுட்ட."

பக்தவச்சலம் பிசைந்த சோற்றையே மறுபடி பிசைந்தார். பிறகு, "அதான் மறுநாளு மூஞ்ச திருப்பிகினானா" என்றார். "நான் பாட்டுக்கு மீனு பட்ச்சான்னு வேற கேட்டுட்டேன்."

"இப்பக்கூட ஒண்ணும் கெட்டுப் போவல. போய் ஒரு சொம்பு தண்ணி குட்ச்சிட்டு வா."

"போனா, அன்னிக்கே ஏன் வரலன்னு கேப்பான். இன்னா சொல்றது?"

"உள்ளத சொல்லு."

அவர் மறுப்பாகத் தலையை ஆட்டினார். "காது கேக்காதவன வரிசையில வுட மாட்டாங்கமே. அவங்கமேல தப்பில்ல. கத்தினா கேக்கணும், அது மத்தவன் உசுரு. அப்பால நான் இன்னா பண்றது? கரையில குந்திகினு காக்கா ஓட்டவா?"

"தெனாவட்டுன்னு சொல்றாங்கய்யா."

"சொல்லிகினு போவட்டும். தெனாவட்டுன்னா திட்டுவாங்கோ. செவிடுன்னா பாவம்னுவாங்கோ. எனக்கு திட்டே பரவால்ல."

தட்டில் பாதிச் சோறு மீந்தது. அவர் அதைக் காக்கைக்கு வைத்துவிட்டு, பெரிய முள்ளுப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார். மாற்றி வாங்கி வந்திருக்கிறாள் என்று தெரிந்தது. முள்ளின் முனையைக் கட்டைவிரலில் வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை தாயம்மா திருவொற்றியூருக்குப் போனாள். வடிவுடையம்மன் சன்னதியில் கூட்டம் தள்ளிக்கொண்டே வந்தது. நின்று பேச இடமில்லை. நகர்ந்துகொண்டே சொன்னாள். சத்தியத்தை உடைக்கப் போறேன், தாயே. கோச்சிக்கிறதுன்னா என்னைக் கோச்சிக்கோ. அவரை விட்டுடு. அம்மன் முகத்தில் மஞ்சள் பளபளத்தது. பதில் ஒன்றும் வரவில்லை. அவள் எதிர்பார்க்கவும் இல்லை. பதில் சொல்லாமல் கேட்டுக்கொள்கிறவர்களிடம்தான் நாம் பாரத்தை இறக்குகிறோம்.

மறுநாள் விளக்கு வைக்கிற நேரத்தில், அவள் குணசேகரன் வீட்டு வாசலில் போய் நின்றாள். அவன் இரண்டு தூணுக்குக் குறுக்கே நூலைக் கட்டிப் புதுப் பொம்மை மீனுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். "வா அண்ணி" என்றான். குரலில் வரவேற்பு இல்லை; வளர்ப்பு இருந்தது.

"தண்ணி குடு குணா."

"தாகமா?"

"இல்ல. நூலுக்கு."

அவன் கை நின்றது. உள்ளேயிருந்து செல்லம்மா எட்டிப் பார்த்தாள்.

"அறுத்தவரு வரணும் அண்ணி" என்றான் குணசேகரன். "பொம்பளைங்க வந்து குட்ச்சி நான் பார்த்ததில்ல."

"நானும் பார்த்ததில்ல. அவரு வர மாட்டாரு. நீ கத்தினது அவருக்கு கேக்கல குணா."

"எஞ்சினு சத்தத்துல…"

"எஞ்சின அணைச்சாலும் கேக்காது."

செல்லம்மா வாசலுக்கு வந்துவிட்டாள். தெருவில் யாரோ டி.வி.யைச் சத்தமாக வைத்திருந்தார்கள். குணசேகரன் அந்தச் சத்தம் வந்த திசையைப் பார்த்தான், முதல் தடவை கேட்பது போல.

"எவ்ளோ நாளா?"

"தீபாவளிக்கு முன்னாலேர்ந்தே. யாருக்கும் சொல்லாதன்னாரு."

"நான் அன்னிக்கி அவர இன்னா இன்னாவோ திட்டினேன் அண்ணி. வாயில வந்ததெல்லாம்."

"அதுவுந்தான் கேக்கல. நல்லதாப் போச்சி."

செல்லம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. முந்தானையால் முகத்தை அழுத்திக்கொண்டு உள்ளே போனாள். தேய்த்து வைத்த சொம்பு அந்த நாளிலிருந்து அடுப்பு மேடையிலேயே இருந்திருக்கிறது. தண்ணீர் மொண்டு வந்து கொடுத்தாள். தாயம்மா நின்றபடியே, தலையை அண்ணாந்து, ஒரு மூச்சில் குடித்தாள். கொஞ்சம் கழுத்தில் வழிந்தது.

"நாளைக்கி கோயிலாண்ட பேச்சு கீதே அண்ணி" என்றான் குணசேகரன். "நான்தான் கூட்டினேன்."

"நீ இன்னா வேணா பேசு. வரிசையில வேணாம்னாகூட சொல்லு. தெனாவட்டுன்னு மட்டும் சொல்லாத. அது அவர்கிட்ட இல்ல."

ஞாயிற்றுக்கிழமை பக்தவச்சலம் கோயில் பக்கம் போகவில்லை. வீட்டுக்குப் பின்னால் எஞ்சினைக் கழற்றி, துடைத்து, மறுபடி பூட்டினார். துடைப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. சாயந்தரம் செல்லம்மா வாசலைத் தாண்டிப் போகிறவள் போலப் போய், நின்று, "நாளைக்கி விடியக்காலம் நீரு எறங்குது. அவரப் படகு எடுக்க சொல்லுக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். படகு எடுக்கச் சொன்னது வழி விடவா, எல்லோர் முன்னாலும் திருப்பி அனுப்பவா என்று தாயம்மாவுக்கு விளங்கவில்லை.

திங்கட்கிழமை அவர் படகைத் தள்ளிக்கொண்டு போனதும் அவள் மணல் திட்டின் நுனிக்கு நடந்தாள். அங்கே சில பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றில் கையால் துழாவி இறால் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தலைகள் பனியில் பூப் போல மிதந்தன. அனல்மின் நிலையத்து வெந்நீர் கலந்து, தண்ணீர் ஒரு பக்கம் வெதுவெதுப்பாகவும் ஒரு பக்கம் சில்லென்றும் ஓடியது. தூரத்தில் துறைமுகத்துக்கு வெளியே கப்பல்கள் விளக்கோடு நின்றன.

வரிசை தொடங்கிவிட்டிருந்தது. வடக்கு ஓரமாகப் படகுகள் ஏறின. தெற்கு ஓரமாக இறங்கின. அவள் கண்ணால் தேடி அவருடைய படகைக் கண்டுபிடித்தாள். குணசேகரன் படகுக்கு இரண்டு படகு தள்ளி, தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரும் அவரைத் திருப்பி அனுப்பவில்லை.

ஏதோ ஒன்று குறைகிறது என்று அவளுக்குத் தோன்றியது. என்னவென்று பிடிபடவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது. முகத்துவாரத்தில் கூச்சல் இல்லை. எந்த நாளும் வசவும் கேலியுமாக இரைகிற இடம். இன்று எஞ்சின்கள் மட்டும் மெல்ல முனகின. மனிதக் குரல் ஒன்றுகூட எழவில்லை.

குணசேகரனின் நூல் விறைத்தது. அவன் எழுந்தான். பழக்கத்தில் வாயைத் திறந்தான். அப்புறம் மூடிக்கொண்டு, காலடியிலிருந்து ஒரு மூங்கில் கழியை எடுத்து உயர்த்தினான். அதன் நுனியில் சிவப்புத் துணி பறந்தது.

சேதியை வாங்கிக் கொடுப்பது போல, அவனுக்குப் பின்னால் வந்த படகிலும் ஒரு சிவப்புத் துணி எழுந்தது. அடுத்ததில் ஒன்று. பனிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக அவை முளைத்து வந்தன, வட்டம் முழுவதும். ஞானதுரை கடை மேசையில் விரித்து வெட்டிக்கொண்டிருந்த துணி அது. அந்த வருஷம் அவன் கோயிலில் தோரணம் கொஞ்சம் குறைவாகத்தான் இருந்திருக்கும். இயேசு அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்.

பக்தவச்சலம் நிமிர்ந்தார். முன்னால் பார்த்தார். பின்னால் பார்த்தார். அவரைச் சுற்றி எல்லாக் கைகளும் உயர்ந்திருந்தன. எல்லா வாய்களும் மூடியிருந்தன. அவருக்குப் புரிந்துவிட்டது என்பது அவர் முதுகிலேயே தெரிந்தது. ஒரு நொடி அவர் தலை தாழ்ந்தது. பிறகு மளமளவென்று நூலைச் சுருட்டி, படகை ஒதுக்கி, நீரின் போக்கிலே விட்டார். எதிர்த்து ஏறி வந்த படகுகள் ஒவ்வொன்றாக விலகி அவருக்கு வழி கொடுத்தன.

தாயம்மா இரண்டு கைகளாலும் தன் காதுகளைப் பொத்திக்கொண்டாள். எஞ்சின் சத்தமும் போனது. பனி, நுரை, உயர்ந்த கைகள், சிவப்புத் துணிகள். அவர் இத்தனை நாள் தனியாக இருந்த இடம் இதுதான் என்று நினைத்தாள். இப்போது அங்கே கூட்டம் இருந்தது.

வெயில் ஏறியபோது படகு கரைக்கு வந்தது. அவருக்கு ஒரு பாறை மீன் மட்டும் கிடைத்திருந்தது. அதை அவள் கூடையில் போட்டுவிட்டு, முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"சொல்லிட்டியா?"

அவள் அவர் எதிரே வந்து நின்று, ஆமென்று தலையை ஆட்டினாள்.

"சத்தியம் பண்ணியே."

"அம்மன்கிட்ட சொல்லிட்டுதான் சொன்னேன்."

"அவ இன்னா சொன்னா?"

"ஒண்ணியும் சொல்லல."

பக்தவச்சலம் லுங்கியைப் பிழிந்து உதறினார். "அவளுக்கும் கேக்கலயோ இன்னாவோ" என்றார்.

பிறகு நடந்தார். தன் வீட்டு வாசலைத் தாண்டி, ஈரக் காலோடு, குணசேகரன் தெருவுக்குள் திரும்பினார். தாயம்மா கூடையோடு பின்னால் போனாள். குணசேகரன் வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தான்.

"தண்ணி குடு குணா" என்றார் பக்தவச்சலம். தன் குரல் தனக்குக் கேட்காததால் கொஞ்சம் உரக்கவே கேட்டார். தெருவில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

குணசேகரன் அவர் முன்னால் வந்து, உதடு தெரிய நின்றான். "அதான் அண்ணி வந்து குட்ச்சிட்டாங்களே அண்ணாத்தே."

"அது அவ குட்ச்ச தண்ணி. நான் இன்னும் குடிக்கல."

செல்லம்மா சொம்பைத் தளும்பத் தளும்பக் கொண்டு வந்தாள். அவர் கடைசிச் சொட்டு வரை குடித்து, வாயைத் துடைத்து, சொம்பைத் திருப்பிக் கொடுத்தார். குணசேகரனைப் பார்த்து, "இன்னிக்கி பட்ச்சது எவ்ளோ பெருசு?" என்று கேட்டார்.

குணசேகரன் பேசவில்லை. இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். போதாதென்று இன்னும் கொஞ்சம் விரித்தான். தோள்பட்டை வலிக்கிற அளவுக்கு விரித்தான்.

பக்தவச்சலம் தாயம்மா பக்கம் திரும்பினார். நெடுநாளைக்கப்புறம் அவர் பல் தெரிந்தது.

"பார்த்தியாமே" என்றார். "கையாலயே எப்டி புளுவறான் பாரு."